பருவம் தரும் விளையாட்டும் மழலையின் சொல்வளமும்

கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றைப் படிப்போர் இராபர்ட் ஓவன் என்னும் பெயரைக் கடந்து செல்ல இயலாது. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ராச்டேல் நகரில் 28 பேர் கூடிப் பண்டகசாலை தொடங்கியபோது, அவர்களிற் சிலர் ஓவனின் கொள்கைகளில் ஊறியவர்களாக இருந்தனர். அதே ஓவன், தம் நூற்பாலைத் தொழிலாளரின் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளுக்காக 1816ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் ஒரு பள்ளியைத் திறந்தார் என்பதும், அப்பள்ளியின் முதல் ஆசிரியர் ஒரு நெசவாளர் என்பதும் நம் அங்கத்தினரிற் பலர் அறியாத செய்திகள்.

ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையில் உள்ள நியூ லானார்க், பருத்தி நூற்கும் ஆலையைச் சுற்றி எழுந்த சிற்றூர். 1800ஆம் ஆண்டில் அதன் நிருவாகத்தை ஏற்ற ஓவன், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஆலை வேலையிலிருந்து விலக்கினார். நடை பழகிய குழந்தைகளைப் பகற்பொழுதில் காக்கவும் கற்பிக்கவும் அவர் தேர்ந்தெடுத்தவர் ஜேம்ஸ் புக்கானன் என்ற நெசவாளர்; துணைக்கு மாலி யங் என்ற 17 வயதுப் பெண். புக்கானனுக்கு எழுதப் படிக்கவே சரியாக வராது என்று ஓவன் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். குழந்தைகளிடம் அன்பும் அளவற்ற பொறுமையும் உடையவர் என்பதற்காகவே அவரை அமர்த்தினாராம். இருவருக்கும் அவர் இட்ட கட்டளைகள் சிலவே. குழந்தையை அடிக்கலாகாது, சொல்லாலும் செயலாலும் அச்சுறுத்தலாகாது, புத்தகத்தைக் காட்டித் தொல்லை தரலாகாது, சுற்றிலும் உள்ள பொருள்களின் இயல்பையும் பயனையும், குழந்தை தானாக வியந்து வினவும்போது, பேச்சின் வழியாகவே உணர்த்தல் வேண்டும். பள்ளி அறைச் சுவர்களில் விலங்குகளின் ஓவியங்கள் இருந்தன. தோட்டத்திலிருந்தும் வயலிலிருந்தும் காட்டிலிருந்தும் அந்தந்தக் காலத்தில் கிடைத்த பொருள்கள் அவ்வறைக்கு வந்துகொண்டே இருந்தன. அவற்றைக் கண்டு பிள்ளைகள் கேட்க, ஆசிரியர் விடை சொல்ல, உரையாடல் தானே பிறந்தது.

இப்பழஞ்செய்தியை இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நெசவாளர் சங்கங்களிலும் தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களிலும் கடன் மனுக்களைப் பார்வையிடும்போது, 'பிள்ளையின் பள்ளிக் கட்டணம்' என்ற காரணத்தை நாம் அடிக்கடி காண்கிறோம். பிள்ளையின் வயதை விசாரித்தால் மூன்றரை என்பர். சில வேளைகளில் மூன்று என்பர். நகையை ஈடு வைத்துப் பெற்ற தொகையால் பள்ளியிற் சேர்க்கப்பெற்ற அம்மழலை, கைகட்டி அமர்ந்து 26 ஆங்கில எழுத்துகளை உருவேற்றுகிறது. மாலையில் வீடு திரும்பினால் பெற்றோர் தறியில் இருப்பர்; பிள்ளையின் கையில் கைப்பேசி இருக்கும். ஒரு நூற்கண்டைக் காட்டி 'இது என்ன?' என்றால் விழிக்கிறது. தந்தை நெய்த சேலையை ஊரார் உடுத்துகின்றனர். பாவு எது, ஊடை எது என்று பிள்ளைக்குத் தெரியாது. உழவர் வீட்டுப் பிள்ளைக்கும் பதர், பொலி, தாள் என்னும் சொற்கள் அயற்சொற்கள் ஆகிவிட்டன. பிள்ளையின் கல்விக்குக் கடன்படுவதை நாம் குறை கூறவில்லை. வீட்டிலேயே விலையின்றிக் கிடைப்பதைக் கடன்பட்டு வெளியே தேடுவதையே சுட்டுகிறோம். அதிலும், அங்கே வாங்கிய சரக்கு தரத்தில் தாழ்ந்தது.

மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைக்கு மொழி வளர்வது எழுத்துப் பயிற்சியால் அன்று. தொட்டும், முகர்ந்தும், சுவைத்தும், கேட்டும், கலைத்தும், கொட்டியும் விளையாடுகையில் அருகிருப்போர் அதனுடன் பேசும் பேச்சால் வளர்கிறது. அவ்விளையாட்டுக்கு வேண்டிய பொருள்களைப் பருவந்தோறும் வயலும் தறியும் தருகின்றன. கொடுக்க வேண்டியது நம் பேச்சு ஒன்றே.

கைவழி வரும் சொல்

'புளிப்பு' என்ற சொல்லைப் புளியைச் சுவைத்தறியாத குழந்தைக்கு எவ்வளவு விளக்கினும் விளங்காது. நாவில் பட்ட கணத்தில் 'புளிக்கிறதா?' என்று தாய் கேட்டுவிட்டால் மறு விளக்கம் வேண்டா. பொருள் கையில் இருக்கும்போதே சொல் காதில் விழ வேண்டும். விழுந்த சொல்லைத் தன் வாயாற் சொல்லிப் பார்க்கப் பிள்ளைக்கு நேரமும் வேண்டும்.

இதனைக் கல்வி முறையாக ஆக்கியவருள் முதன்மையான ஒருவர் செருமானிய நாட்டுப் புரோபெல். 1837ஆம் ஆண்டில் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் அவர் தொடங்கிய நிலையமே 1840இல் 'குழந்தைகள் தோட்டம்' எனப் பொருள்படும் கிண்டர்கார்ட்டன் என்ற பெயரைப் பெற்றது. அவர் வகுத்த விளையாட்டுப் பொருள்களில் முதலாவது எது என அறிந்தால் நம் நெசவாளர் வியப்பர். அவை ஆறு நூற்பந்துகள்: சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என ஆறு நிறக் கம்பளி நூலால் ஆனவை, ஒவ்வொன்றிலும் தொங்கவிட ஒரு கயிறு. தாய் அதனை ஆட்டிக்கொண்டே மேலே, கீழே, இங்கே, அங்கே, மறைந்தது, வந்தது என்று சொல்லிக் காட்டுவாள். பின்னர் வயதேற ஏறத் தாள்நறுக்குகளைப் பாவும் ஊடையுமாகப் பின்னும் வேலையும் அவர் முறையில் உண்டு. இன்று மழலையர் பள்ளிகள் விலைகொடுத்து வாங்கும் இவ்வகைப் பொருள்கள், தறி வீட்டில் கழிவாகப் பெருக்கித் தள்ளப்படுவனவே.

மாண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு உரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். பட்டு, பருத்தி, கம்பளி முதலிய துணித் துண்டுகளைக் கண்ணைக் கட்டிக்கொண்டு தடவி இணை சேர்ப்பது அவர் முறையில் ஒரு விளையாட்டு. சொல் கற்பிப்பதற்கு, செகன் என்ற பிரெஞ்சு மருத்துவரைப் பின்பற்றி, அவர் மூன்று படிகளைக் கையாண்டார். நம் வீட்டுப் பொருளைக் கொண்டே அதனைக் கூறுவோம். ஒரு கையில் பட்டுத் துண்டு, மறு கையில் தேங்காய் நார். 'இது வழவழப்பு, இது சொரசொரப்பு' என்பது முதற்படி. 'வழவழப்பானதை என்னிடம் கொடு' என்பது இரண்டாம் படி. 'இஃது எப்படி இருக்கிறது?' என்று கேட்பது மூன்றாம் படி. பெற்றோரும், ஆசிரியருள் பலரும், முதலிரண்டையும் தாண்டி மூன்றாம் படிக்கே தாவிவிடுகின்றனர். விடை வராதபோது பிள்ளை மந்தம் என்கின்றனர்.

தொடுவுணர்ச்சிக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர் ஊறு. வெம்மை, தண்மை, மென்மை, வன்மை, நொய்மை, சருச்சரை என்றவாறு அதனை எட்டாகப் பகுத்து எண்ணினர். அவை அனைத்தும் ஒரு தறி வீட்டில் உள. வெயிலிற் காய்ந்த பாவில் வெம்மை, நனைத்த சிட்டத்தில் தண்மை, பஞ்சில் நொய்மை, நாடாவின் மரத்தில் வன்மை, ஜரிகை முனையில் சருச்சரை. பேச்சு வழக்கிலோ இன்னும் செழிப்பு மிகுதி: வழவழ, சொரசொர, பிசுபிசு, கொழகொழ, மொறுமொறு, நறநற, சலசல. இரட்டைக்கிளவி என்னும் இச்சொற்கள் இரட்டித்தே நிற்கும், பிரிந்து இசையா என்று தொல்காப்பியமே இலக்கணம் கூறிற்று. பொருளின் இயல்பை ஒலியிலேயே தாங்கியிருப்பதால் மழலை நாவில் இவை எளிதில் ஏறுகின்றன. 2008ஆம் ஆண்டில் வெளியான ஜப்பானிய ஆய்வொன்று, ஒலிக்குறிப்பு அமைந்த வினைச்சொற்களை மூன்று வயதுக் குழந்தைகள் எளிதாகப் பற்றிக்கொள்வதைக் காட்டிற்று. ஜப்பானிய மொழியைப் போன்றே தமிழும் இவ்வகைச் சொற்களின் களஞ்சியம். ஆங்கில எழுத்துகளுக்கு முன்னர் இவையன்றோ பிள்ளைக்கு உரியவை?

மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். தீபாவளிச் சரக்குக்காக இரவு பகலாக ஓடிய தறி, பண்டிகை கழிந்ததும் தளர்கிறது. குழித்தறியில் ஈரம் ஊறுகிறது. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய வெயில் இல்லை. கூலி குறையும் இந்நாள்களைப் பற்றி மகிழ்ச்சியோடு எழுத நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் பெற்றோர் இருவரும் பிள்ளையின் அருகே அமரும் காலம் ஆண்டில் இதுவே. அக்காலத்தில் விளையாட்டுப் பொருளை வானமே கொண்டுவந்து கொட்டுகிறது.

மூன்று தேங்காய்ச் சிரட்டைகளில் முறையே ஆற்றுமணல், வண்டல், களிமண் ஆகியவற்றை இட்டு மழைநீரை ஊற்றச் சொல்லுங்கள். மணல் நீரை உறிஞ்சும்; வண்டல் குழையும்; களிமண்ணின் மேல் நீர் தேங்கும். உறிஞ்சுகிறது, குழைகிறது, தேங்குகிறது, கரைகிறது, ஒட்டுகிறது, வழுக்குகிறது என ஒரு நாழிகையில் அரை டசன் வினைச்சொற்கள் பிள்ளையின் கையருகே வந்து நிற்கின்றன. பெயர்ச்சொற்களைக் கற்பிப்பதில் நாம் காட்டும் ஆர்வத்தை வினைச்சொற்களிற் காட்டுவதில்லை. படப் புத்தகத்தில் யானையையும் குதிரையையும் காட்டலாம். 'கசிகிறது' என்பதைக் காட்டுவது எங்ஙனம்? ஓட்டையுள்ள சிரட்டை ஒன்று அதனைக் காட்டிவிடும்.

வேற்றுமை உருபுகளும் இவ்விளையாட்டில் தாமே அமைகின்றன. குடத்தில் ஊற்று, குடத்திலிருந்து எடு, கரண்டியால் கலக்கு, மண்ணோடு சேர் என்று நாம் சொல்லிச் செய்யும்போது, பள்ளியில் ஏழெட்டு ஆண்டுகள் கழித்துப் பெயர் சூட்டப்படும் இலக்கணம் மூன்று வயதில் கைப்பழக்கமாகிவிடுகிறது.

மழையின் ஓசை வேறொரு பாடம். ஓட்டுக் கூரையில் ஒரு வகை, தகரத்தில் படபடவென்று ஒரு வகை, வாழையிலையில் ஒரு வகை. கண்ணை மூடிக்கொண்டு 'இப்போது எதன்மேல் பெய்கிறது?' என்று கண்டுபிடிக்கும் விளையாட்டை நாம் சென்ற ஊரொன்றில் ஒரு மூதாட்டி தம் பேரப் பிள்ளைகளுடன் ஆடிக்கொண்டிருந்தார். அவர் கை ராட்டையில் தார் சுற்றுவதை நிறுத்தவே இல்லை. ஒலி வேற்றுமையைக் காதால் பிரித்தறியும் இப்பழக்கம், பின்னர் லகர, ளகர, ழகரங்களையும் பிரித்தறியத் துணை செய்யும்.

கழிவுத் துணியை நனைத்து அதில் ஒரு பிடி பச்சைப்பயற்றை முடிந்து வைத்தால் காலமும் மொழிக்குள் வந்துவிடும். இன்று ஊறும், நாளை முளைக்கும், பார், முளைத்துவிட்டது, நேற்று இப்படி இருந்ததா? நேற்று, இன்று, நாளை என்பன மழலைக்குக் கடினமான சொற்கள். கையில் தொட்டுப் பார்க்கும் முளை ஒன்று அவற்றுக்குப் பிடிமானம் தருகிறது. கார்த்திகைக்குக் களிமண்ணில் அகல் செய்யும் வீட்டில், பிசை, உருட்டு, தட்டு, குழி, உலர்த்து என்னும் ஏவற்சொற்கள் வரிசையாக வரும். மறுநாள் அந்த வரிசையைப் பிள்ளை தானே பாட்டிக்குச் சொல்லுமாயின், அதுவே கதை கூறும் ஆற்றலின் தொடக்கம்.

களமும் பருத்தியும்

தை மாத அறுவடையைப் பற்றி உழவர்க்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றே. இயந்திரம் வயலில் இறங்குமுன் ஒரு கைப்பிடிக் கதிரை அறுத்துத் தனியே வையுங்கள். அறுவடை இயந்திரம் வந்ததை நாம் வெறுக்கவில்லை. ஆள் கிடைக்காத நாளில் அது பெருந்துணை. ஆனால் அறுத்தல், கட்டுதல், அடித்தல், தூற்றுதல், புடைத்தல் என்ற ஐந்து செயல்களும் அதன் வயிற்றுக்குள் ஒரே செயலாகி மறைந்துவிட்டன. செயல் மறைந்தால் சொல்லும் மறையும். கைப்பிடிக் கதிரை ஒரு முறத்தில் இட்டுக் கொடுத்தால், பிள்ளை அதனைக் கசக்கும், ஊதும், பதர் பறக்கச் சிரிக்கும். நெல்லைக் கிண்ணத்தில் குலுக்கினால் ஓர் ஓசை, உமியைக் குலுக்கினால் வேறோசை. தவிட்டில் கையை நுழைத்தால் எழும் மென்மைக்குப் பிள்ளை தானே ஒரு சொல்லைப் படைக்கக்கூடும். படைத்தால் அச்சொல்லையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பருத்தி வெடிக்கும் காலம் இடத்துக்கு இடம் மாறும். மாசி, பங்குனியில் பல ஊர்களிற் காணலாம். இவ்விதழைப் படிக்கும் இரு சாராரையும் இணைக்கும் பொருள் அதுவே. ஆயினும் ஒரு விந்தை பாருங்கள். விளைவிப்போர் வீட்டுப் பிள்ளை வெடித்த காயைக் காண்கிறது, துணியாவதைக் காண்பதில்லை. நெசவாளர் வீட்டுப் பிள்ளை சிட்டத்தைக் காண்கிறது, காயைக் காண்பதில்லை. வெடித்த காய் ஒன்றைப் பிள்ளையின் கையிற் கொடுத்தால், முள்போன்ற ஓட்டின் நுனி குத்தும்; உள்ளே பஞ்சு மெத்தெனும்; விதை உருண்டையாய்த் தட்டுப்படும். விதையைப் பிரித்தெடுத்துப் பஞ்சை விரலிடை முறுக்கினால் இழை பிறக்கிறது. இழையை இழுத்தால் அறுகிறது. இரண்டாக முறுக்கினால் தாங்குகிறது. 'ஏன் அறுந்தது?' என்ற வினா அங்கே எழும். 'முறுக்கு போதவில்லை' என்பது மூன்று வயதுக்கு விளங்கும் விடையே. காரணம் கூறும் மொழி இவ்வாறுதான் வருகிறது.

ஏனைய பருவங்களுக்கும் குறைவில்லை. சித்திரையில் வேப்பம்பூவின் மணமும் கசப்பும், நுங்குக் குடுக்கையில் செய்த வண்டியின் ஓட்டமும். ஆடிக் காற்றில் பனையோலைக் காற்றாடி. மார்கழி விடியலில் புல்நுனிப் பனியும் விரலிடை வழியும் கோலமாவும். அந்தந்த ஊர்த் தாய்மார் இவற்றை நம்மினும் நன்கறிவர்.

பேசும் முறை

பொருளைக் கொடுத்துவிட்டு அகன்றால் அது விளையாட்டாகும்; மொழிப்பயிற்சி ஆகாது. எதிர்முனையில் ஆள் வேண்டும். 2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 4 முதல் 6 வயது வரையுள்ள 36 குழந்தைகளின் வீட்டுப் பேச்சு பதிவு செய்யப்பட்டது. பெரியவர் எத்தனை சொல் பேசினார் என்பதைவிட, பெரியவரும் குழந்தையும் எத்தனை முறை மாறி மாறிப் பேசிக்கொண்டனர் என்பதே மூளையின் மொழிப் பகுதி இயங்குவதோடு நெருங்கிய தொடர்புடையதாகக் காணப்பட்டது. நாடா இப்புறமும் அப்புறமும் ஓடினாலன்றித் துணி வளராது, பேச்சும் அத்தகையதே.

பிள்ளை 'மயை' என்கிறது. 'மயை இல்லை, மழை! சொல்லு, மழை' என்று அதட்டினால் வாய் மூடிக்கொள்ளும். 'ஆமாம் கண்ணு, மழைதான். தகரத்தில் எப்படிப் பெய்கிறது பார்' என்றால் திருத்தமும் கிடைத்தது, ஒரு சொல் ஒரு தொடராகவும் விரிந்தது. வினவியபின் காத்திருத்தல் இன்றியமையாதது. மனத்துள் மெல்ல ஐந்து வரை எண்ணுங்கள். மழலை சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும் அவ்விடைவேளையைப் பெரியவர்கள் பொறுக்காமல் தாமே விடையைச் சொல்லிவிடுகின்றனர்.

விசைத்தறிக் கூடத்தினுள் இதற்கு வழியில்லை. அங்கே பெரியவர்க்கே ஒருவர் சொல்வது ஒருவர்க்குக் கேளாது. அத்தகைய ஊர்களில் பிள்ளையைக் கூடத்தின் மூலையிற் படுக்கவைத்து வளர்ப்பது, செவிக்கும் மொழிக்கும் ஒருங்கே கேடு. கைத்தறி வீடுகளில் பெரும்பாலும் முதியோரே ராட்டை சுற்றுகின்றனர். பேசிக்கொண்டே செய்யத்தக்க வேலை அது. அவர்கள் எழுதப் படிக்க அறியாதவர் என்று எவரேனும் தயங்கினால், புக்கானனை நினைவூட்டுவோம்.

எந்த மொழியிற் பேசுவது என்ற வினாவும் நம் காதில் விழுகிறது. நம் நெசவாளரிற் பல குடும்பத்தார் வீட்டில் சௌராட்டிரமோ தெலுங்கோ கன்னடமோ பேசுகின்றனர். பாட்டிக்கு எம்மொழி இயல்போ அம்மொழியே சிறந்தது. அதில் வேரூன்றிய பிள்ளை தெருவில் தமிழையும் பள்ளியில் ஆங்கிலத்தையும் எளிதிற் பற்றும். தமக்கே பழக்கமில்லாத ஆங்கிலத்தில் 'கம், கோ, ஈட்' என்ற மூன்று சொற்களைக் கொண்டு பிள்ளையோடு காலம் தள்ளும் பெற்றோர், மொழியைக் கொடுப்பதாக எண்ணி மொழியைப் பறிக்கின்றனர். இதனைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறோம்.

கைப்பேசியைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து வயதுக்குட்பட்டோர்க்கென உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை கூடாது என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தை மிஞ்சலாகாது, குறைந்தால் இன்னும் நன்று என்றும் கூறுகின்றன. திரையில் பழம் தோன்றும், மணக்காது, கனக்காது. பிள்ளை சொல்லும் 'மயை'க்கு அது விடை சொல்வதும் இல்லை.

எச்சரிக்கை

விளையாட்டுப் பொருளைத் தெரிவதில் கவனம் வேண்டும். அழகிய குன்றிமணியும் ஆமணக்கு விதையும் கொடிய நஞ்சுடையவை. கடித்து விழுங்கினால் உயிருக்கே கேடு. பல்லாங்குழிக்குக் குன்றிமணி எடுத்துக் கொடுக்கும் வழக்கத்தை மழலை உள்ள வீட்டில் விட்டுவிடுக. அரளியும் அவ்வாறே. கடையில் வாங்கிய விதைநெல்லும் பருத்தி விதையும் நிறமேற்றப்பட்டிருந்தால் மருந்து கலந்தவை என்று பொருள். குழந்தையின் அருகே கொண்டுவரலாகாது. புதிதாக மருந்தடித்த வயலின் காயும் கதிரும் அப்படியே. சாயப்பொடி, வெளுக்கும் காரம், சோடா ஆகியவை பூட்டில் இருக்கட்டும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை எதனையும் வாயில் இடும்; கடலை, புளியங்கொட்டை, பயறு போன்ற சிறு பொருள்கள் மூச்சுக்குழலை அடைக்கும். ஆதலின் பெரியவர் கண்பார்வையிலன்றி அவற்றைத் தர வேண்டா. நூலிழை கழுத்தில் சுற்றும் நீளத்தில் இருத்தலாகாது. ஆழமற்ற நீரும் ஆபத்தே. மழைநீர் தேங்கிய தறிக்குழியைப் பலகையிட்டு மூடுக.

சங்கங்கள் செய்யத்தக்கது

மராட்டிய நாட்டில் தாராபாய் மோதக் அம்மையார் 1945ஆம் ஆண்டில் போர்டி என்னும் கடற்கரைச் சிற்றூரில், அனுதாய் வாக் அம்மையாரின் துணையோடு, குழந்தைகள் பள்ளியைத் தொடங்கினார். விலையுயர்ந்த கருவிகளை நாடாமல், கிளிஞ்சல், இலை, குச்சி, களிமண் என ஊரில் கிடைத்தவற்றையே கொண்டு நடத்தினார். பிள்ளைகள் பள்ளிக்கு வராதபோது பள்ளியையே அவர்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுசென்றார். அங்கன்வாடி என்னும் பெயரில் உள்ள 'அங்கன்' முற்றத்தையே குறிக்கும். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின்னர் அப்பெயர் நாடெங்கும் பரவிற்று. இன்று நம் ஊர்களில் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று அவற்றுக்கென விளையாட்டு வழிப் பாடத்திட்டமும் உண்டு. கட்டணம் இல்லை. கடன்பட்டுப் பிள்ளையை வெளியூர் ஊர்தியில் ஏற்றுமுன், அங்கத்தினர் ஒருமுறை அம்மையத்துள் நுழைந்து பார்க்கலாகாதா? அங்கே பொருள் குறைவு என்றால், அதனை நிறைப்பது நம் சங்கங்களின் கையில் இருக்கிறது.

பொதுநல நிதி ஒதுக்கும் சங்கங்களுக்கு இது பெருஞ்செலவன்று. இரண்டு முறம், ஒரு சல்லடை, நான்கைந்து மூடியுள்ள மரப்பெட்டி, மண் சட்டிகள், ஒரு பழைய ராட்டை இருந்தால் போதும். சங்கக் கட்டடத்துத் திண்ணையின் ஒரு மூலையை ஒதுக்கினாலும் ஆகும். கூலி வாங்கவும் நூல் வாங்கவும் காத்திருக்கும் தாய்மாரின் இடுப்பிலும் கைப்பிடியிலும் உள்ள பிள்ளைகளுக்கு அம்மூலை பயன்படும். பெட்டியிலுள்ள பொருளை மாதந்தோறும் மாற்ற ஓர் அங்கத்தினர் பொறுப்பேற்க வேண்டும். மாற்றாவிடில் பிள்ளைகள் இரண்டு வாரத்தில் சலித்துவிடுவர், பேச்சும் வற்றும்.

விளைவிப்போர் சங்கமும் நெசவாளர் சங்கமும் அண்மையில் உள்ள இடங்களில் ஒரு மாற்று ஏற்பாட்டை நாம் முன்வைக்கிறோம். பருத்திக் காலத்தில் மருந்தடிக்காத செடியிலிருந்து ஒரு கூடை வெடித்த காயும், தையில் ஒரு கட்டுக் கதிரும் அங்கிருந்து இங்கு வரட்டும். நிறநிறமான ஒரு பை கழிவு நூலும், கரை நறுக்குகளும், பழுதுற்ற நாடா ஒன்றும் இங்கிருந்து அங்குச் செல்லட்டும். பிள்ளைகளுக்குத்தானே என்று செயலாளர்கள் கழிவு நூலைக் கணக்கின்றி எடுத்துக் கொடுத்துவிட வேண்டா. நிருவாகக் குழுவின் தீர்மானம் ஒன்று, கழிவுப் பதிவேட்டில் எடையுடன் ஒரு வரி, பெற்றுக்கொண்டவர் கையொப்பம் ஆகிய மூன்றும் இருந்தால் தணிக்கையில் எவரும் தடை எழுப்பார்.